பச்சைப் புள்ளி

மார்ச் 4

தம்பிக்கு,

நீ எத்தனை தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இனியும் எடுக்க மாட்டேன். எதுவாக இருந்தாலும் கடிதத்தில் எழுது, யார் பெயரும் போடாமல் எழுது. போன் பேச்சைக் கேட்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்களாம். கடிதத்தைப் பிரித்துப் படித்தவர்கள் எல்லாம் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள் என்று உன் அத்தான் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பொடிசுக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் தப்பாகத் தெரிந்துவிட்டது.

உங்கள் ‘ஊர்ப்பேச்சு’ இணையக் குழுவில் என் மகள் பொடிசும் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கல்லூரியில் பாதிப் பேர் அதில்தான் குடியிருக்கிறார்களாம். நாட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, விட்டுப்போனவர்களுக்குச் சாம்பல் புள்ளி. பச்சை வேண்டுமானால் குழு சொல்கிற பொருளை அந்த மணி நேரத்துக்குள் தன் வீட்டு ஜன்னலில் வைத்து, பின்னால் தெரு தெரியப் படம் எடுத்துப் போட வேண்டும். “அக்கா, ஒரே ஒரு தடவை” என்று நீ கெஞ்சினாய். சீப்பு வைத்தேன். அடுத்த மாதம் வெங்காயம். போன மாதம் ஒற்றைச் செருப்பு என்றாய். சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து, வாசலில் கிடந்த செருப்பில் ஒன்றை எடுத்து வைத்து, படத்தை உனக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஓடினேன். அது அவள் செருப்பு. வார் அறுந்து நீல நூலால் நானே தைத்துக் கொடுத்தது. ‘மூன்றாம் மாடி’ என்று நீ அங்கே வைத்துக்கொண்ட பெயருக்குக் கீழே அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து கட்டிக்கொண்டாள். “அம்மா, மூன்றாம் மாடிங்கிறது நீதானா? வீட்டுல வாயே தொறக்காம இருந்துட்டு அங்க இந்தப் போடு போட்டிருக்கியே” என்றாள். இரண்டு வருஷமாக என்னிடம் “சோறு இருக்கா”, “காசு இருக்கா” தவிர வேறு பேசாத பெண். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சோப்புக் கையோடு பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மகப்பேறு பிரிவை மூடப்போகிறார்கள் என்று உன்னிடம் நான் போனில் புலம்பியதை எல்லாம் உன் கண்ணால் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாய். எழுதினது போதாதென்று இருபதாம் தேதி ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கூடுவோம் என்று வேறு அறிவித்திருக்கிறாய். கூட வரப்போவது யார்? நீ வரமாட்டாய். போன வருஷம் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணி அந்த நாட்டுக்காரனாகிவிட்டாய். பொடிசு போகிறேன் என்று குதிக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்?

அந்தக் கூட்டத்தை நிறுத்து. நீ செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எந்திர அறையில் உட்கார்ந்து படித்தேன். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் லிப்டின் இரும்புக் கயிறுகள் ஓடுகிற சின்ன அறை. பழுது பார்க்க வந்தால் மதியச் சாப்பாடும் அங்கேதான். நான் மூன்றாம் மாடியாக எழுதினதெல்லாம் பதின்மூன்றாம் மாடியில் உட்கார்ந்துதான். சிரிப்பு வந்தால் சிரி.

நிறுத்தப் பார்த்தேன், அக்கா. மாணவர்கள் வரவேண்டாம், பெரியவர்கள் மட்டும் போதும் என்று எழுதினேன். உடனே, “என்ன மூன்றாம் மாடி, பயந்துட்டியா? எவ்வளவு வாங்கினே?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ரோஷத்தில், பயமெல்லாம் இல்லை என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்து அனுப்பின பிறகுதான் யாருடைய பயத்தை நான் இல்லை என்று சொல்கிறேன் என்று உறைத்தது.

நான் ஏன் இந்தப் பொய் வேலைக்குப் போனேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள். அந்தக் குழுவை ஆரம்பித்த ஆறு பேரில் நானும் ஒருவன். அப்போது புள்ளியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பிறகு யாரோ, விட்டுப்போனவர்களுக்கு இங்கே என்ன பேச்சு என்று கேட்டார்கள், வாக்கெடுப்பு வைத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் என் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல். பஸ் கட்டணத்தைப் பற்றி ஒரு வரி எழுதினேன். “சாம்பல், ஓரமா நில்லு” என்று பதில் வந்தது. நான் ஆரம்பித்த இடத்தில், அக்கா.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? சாப்பாட்டு மேஜையில் இன்னமும் “உங்க நாட்டுல லிப்ட் எல்லாம் இருக்கா?” என்று கேட்கிறார்கள். சத்தியம் பண்ணின அன்று பழைய பாஸ்போர்ட்டை வாங்கி அதன் மூலையை என் கண் முன்னாலேயே கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தாள் ஒரு பெண். வெட்டின துண்டைக் குப்பைக்கூடையில் போட்டாள். அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது, வெட்கமாக இருந்தது. அந்த வாரம்தான் என் பெயரில் இருந்த பழைய கணக்கை மூடிவிட்டு, மூன்றாம் மாடி என்று புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்து உன்னிடம் ஜன்னல் கேட்டேன். வீட்டில் இவள் சொல்கிறாள், “அங்க உங்களுக்கு ஓட்டு கிடையாது, இங்க இருக்கிற ஓட்டைப் போடச் சோம்பல். பின்ன எதுக்கு இந்த ஆட்டம்?” என்று.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று ஒருவர் உன் ஜன்னல் படத்தைப் போட்டு, “இந்தத் தண்ணித் தொட்டியை எனக்குத் தெரியும், எங்க பக்கத்துத் தெரு” என்று எழுதியிருந்தார். என் படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். ஏற்கெனவே யார் யார் எடுத்து வைத்திருக்கிறார்களோ தெரியாது.

பொடிசிடம் உண்மையைச் சொல்லிவிடு. அது உன் மாமன் என்று சொல். திட்டினால் என்னைத் திட்டட்டும். எப்படியாவது அவளை வீட்டில் வைத்திரு. அவள் உன்னைக் கட்டிக்கொண்டதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் கட்டிக்கொண்டது நான் எழுதினதை அல்லவா.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கூட்டம் அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது.

அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தக் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றேன். “நீ கூப்பிட்டுட்டு நீயே தடுத்தா எப்படிம்மா?” என்று சிரித்தபடி என்னை விலக்கிவிட்டுப் போனாள்.

நான் வேலையில் இருந்தேன். எங்கள் பிரிவு உனக்குத் தெரியும். கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துணியில் பொதிந்து நீராவிப் பெட்டிக்குள் வைப்போம். பொதியின் மேல் ஒட்டுகிற நாடாவில் கறுப்புக் கோடு விழுந்தால்தான் கிருமி செத்தது என்று கணக்கு. அன்றைக்கு வெளியே சத்தம் கேட்கக் கேட்க, கோடு விழாத பொதிகளை விழுந்ததோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்தாளோ, தப்பித்தேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து செய்தோம். வெளியே “மூன்றாம் மாடி, மூன்றாம் மாடி” என்று கத்துகிறார்கள். என் வீட்டு விலாசத்தைத் தெருவில் நின்று கத்துகிற மாதிரி இருந்தது.

பத்துப் பன்னிரண்டு பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் அவளும் ஒருத்தி. பொழுது சாய்ந்த பிறகு விட்டார்கள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் காதருகே வந்து, “அம்மா, நான் உன் பேரைச் சொல்லவே இல்ல” என்றாள். அதை நீ ஒரு தடவை நின்று படி.

இன்று காலை மேற்பார்வையாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள்.

“வீடு எத்தனாவது மாடிம்மா?”

“மூணாவது.”

ஒருவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. “வெளிநாட்டுல யாராவது இருக்காங்களா?”

“தம்பி.”

“அவர் இப்ப எந்த நாட்டுக்காரர்?”

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட நான் இப்படித் திணறியதில்லை. தெரியாது என்றேன். கூடப்பிறந்தவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாதா என்றார். ஏப்ரல் எட்டாம் தேதி அவர்கள் அலுவலகத்துக்குப் போனை எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம், இந்தக் கேள்விக்குப் பதிலையும் எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம்.

உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. நீ அங்கே ஓர் ஆள். அந்த ஜன்னலுக்கு உள்ளே நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். உனக்கு ஒரு புள்ளி சாம்பலானதற்கு நாங்கள் எவ்வளவு கொடுக்க வேண்டும்? என் மேலேயும் எனக்குக் கோபம்தான். நீ கேட்டால் எதையும் தூக்கிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு, நீ நடை பழகின நாளிலிருந்து.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

அவள் காதில் சொன்னதை நீ சொன்னபடி படித்தேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

நேரில் வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பிறந்த நாட்டுக்குப் போக எனக்கு விசா வேண்டும். தூதரக ஜன்னலில் இருந்தவர் நம் பாஷையில்தான் பேசினார். “எதுக்குப் போறீங்க?” என்றார். அக்காவைப் பார்க்க என்றேன். அப்படியானால் அக்காவின் விலாசம், வேலை செய்யும் இடம் எல்லாம் எழுதுங்கள் என்று ஒரு தாளைத் தள்ளினார். பேனாவை எடுத்தேன். நானே உன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று தாளை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். குழுவில் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதி வைத்திருக்கிறேன், இதுதான்: “மூன்றாம் மாடி உள்ளே இல்லை. நான் வேறு நாட்டுக் குடிமகன். எழுதியது எல்லாம் நான் மட்டும்தான். அந்த ஜன்னலில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.” அதற்குப் பிறகு என்னைக் காறித் துப்பட்டும். உன்னை விட்டுவிடுவார்கள் இல்லையா? விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். இவளிடம் கேட்டேன். “விட்டா நல்லது” என்கிறாள். அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை.

கணக்கின் கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அழிக்க வேண்டுமென்றால் நீயே அழித்துவிடு. உன் பதில் வருகிறவரை எதையும் போடமாட்டேன். ஆனால் சீக்கிரம் எழுது. இங்கே ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அது உன் வீட்டுச் செய்தியாக இருக்குமோ என்று ஓடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ எழுதி வைத்திருப்பதைக் கிழித்துப்போடு. அது ஊர் கண்ணில் பட்டால், வெளிநாட்டுக்காரன் ஒருவன் அரசு ஊழியர் ஒருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுவித்தான் என்று எழுதிக்கொள்வார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்ததே அப்படி ஓர் ஆளைத்தான். நேற்று அங்கே உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு அது புரிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்று மாலையே பொடிசு என் போனைக் கேட்டாள். அங்கே கொண்டுபோகிறதற்கு முன்னால் தேவையில்லாததை அழித்துத் தருகிறேன் என்றாள். கொடுத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அறைக்குள் ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். “அக்கா, சீக்கிரம் செருப்பு வை” என்று நீ அனுப்பினது, அதற்குக் கீழே நான் அனுப்பின படம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு, போனை என் மடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று என்னோடு வந்தாள். வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எழுதினதைப் பார்த்து நான் போகலம்மா. அந்தக் குழுவுல நூறு பேர் எழுதுறாங்க. எங்கம்மா எழுதுறான்னுதான் போனேன்.” என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.

போனை வாங்கிப் புரட்டினார்கள். இந்த ஒரு மாதம் நீ கூப்பிட்டதும் நான் எடுக்காததும்தான் அதில் இருந்தது. “தம்பியோட பேசுறதில்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவன் வேறு நாட்டுக்காரனாகிவிட்டான், அந்தக் கோபத்தில் அவனை அறுத்துவிட்டேன், அவன் இருக்கிறானா செத்தானா என்றுகூட எனக்குத் தெரியாது என்றேன். கோர்வையாக வந்தது, தம்பி. எங்கிருந்து வந்ததோ.

“அப்ப மூன்றாம் மாடி யாரு?”

“நான்தான்.”

“நீங்களா?”

“ஏன், நான் எழுதக் கூடாதா? அந்தப் பிரிவுக்கு நாள் முழுக்க இடுக்கி கழுவுறவ நான். மூடினா பொம்பளைங்க பிள்ளை பெத்துக்க ரெண்டு பஸ் மாறிப் போகணும். அதை எழுதினேன்.”

அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. வெளிநாடு, பணம், சதி என்று பெரிதாக எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு, இடுக்கி கழுவுகிற ஒருத்தி கிடைத்தால் எப்படியிருக்கும்? எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கும், கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதே. மாடிப்படியில் யார் ஏறினாலும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் மாடியோடு நின்றால்தான் மூச்சு வருகிறது.

வெளியே வந்து பொடிசிடம் சொன்னேன். உன்னை அறுத்துவிட்டேன் என்று சொன்னதையும் சொன்னேன், அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நீ அனுப்பின கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். முதல் வேலையாக அதை மாற்றினேன். பிறகு என் கையாலேயே நான்கு வரி எழுதினேன். நீ எழுதுகிற மாதிரி சூடாக இல்லை. எந்தப் பிரிவில் எத்தனை கட்டில், எதை எங்கே மாற்றப்போகிறார்கள், அவ்வளவுதான். உன் அத்தான் பின்னால் நின்று படித்துவிட்டு, “கட்டில் கணக்கு தப்பு, பதினெட்டு இல்ல, பதினாறு” என்றார். அவர் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது.

ஆகவே இனி அது நான். அந்தப் பெயரில் நீ எழுத வேண்டாம், எழுதவும் முடியாது. குழுவில் உனக்கு இருக்க ஆசையிருந்தால் உன் பெயரில் வா, உன் நாட்டைச் சொல்லிக்கொண்டு வா. புதிதாக வருகிறவர்களைப் பார்த்துச் சேர்க்கிற பொறுப்பு மூன்றாம் மாடியிடம்தான் இருக்கிறதாம், நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் என்னைத் தெரிந்த மாதிரி ஓர் எழுத்துகூட எழுதாதே. நான் அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கொஞ்ச நாளைக்குக் கடிதமும் வேண்டாம். இதற்கு மட்டும் ஒரு பதில் போடு, கிடைத்தது என்று.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

கிடைத்தது.

என் பெயரில் விண்ணப்பித்துவிட்டேன். எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டிருந்தது. உள்ளதைப் போட்டேன். முதல் தடவையாகக் கை கூசவில்லை. எந்த ஊரில் பிறந்தேன் என்று கேட்டிருந்தது, அதையும் போட்டேன். வேலை, லிப்ட் மெக்கானிக்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. நாட்டுக்குள் உங்களுக்குத் தெரிந்தவர்கள், உறவினர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. அந்தக் கேள்வியை அந்தக் காலத்தில் வைக்கச் சொன்னவனே நான்தான், யாருமில்லாதவர்களுக்குத் துணையாக ஒருவரைச் சேர்த்துவிடலாமே என்று. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ லிப்டுக்குக் காத்திருந்து மணியை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

யாரும் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் வரும். பார்த்துச் சேர்த்துக்கொள்.

தம்பி